இரண்டே சுற்றில் நிற்கும் போல்ட்

குண்டூசிக்குப் பத்து வயது. அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. தரையில் எந்தச் சின்னப் பொருள் விழுந்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும் என்பதால் வீட்டில் வைத்த பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள், ஒரு மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் நோட்டை வைத்து. வேறு எங்கே வைப்பது? கூடத்தில் அவளுடைய மேசை இருந்த இடத்தில் ஏழு மாதமாக அந்த வண்டிதான் நிற்கிறது. அம்மாவைவிட நான்கு வயது மூத்த வண்டி.

"அய்யோ!"

தட்டோடு வந்த அப்பா, வண்டியின் கால்மிதியில் இடித்துக்கொண்டு நொண்டினார். "இந்த வாரம் இது அஞ்சாவது தடவை!"

"பார்த்து வரக்கூடாதா?" என்றது அம்மாவின் குரல், முன்சக்கரத்துக்கு அருகே தரையிலிருந்து.

"கூடத்துல நடக்கும்போது வழியில மோட்டார் சைக்கிள் நிக்குதான்னு யாராவது பார்ப்பாங்களா? எனக்கே மரை கழண்டுடும் போலிருக்கு!" அப்பா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வர்றார். அதுக்குள்ள வண்டி தயாராகலைன்னா அவருக்குக் கொடுத்துடலாம்னு நீயே ஒத்துக்கிட்டே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. வண்டிதான் ஓடுதே!"

"ஓடுது. நிக்க மாட்டேங்குதே!"

அதுதான் பிரச்சினை. வண்டியில் எல்லாம் தயார், பிரேக்கைத் தவிர. சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்தும் பாகத்துக்குக் காலிப்பர் என்று பெயர். அதற்கு எண்ணெய் கொண்டுவரும் பைப்பின் நுனி வளையத்துக்குள் ஒரு போல்ட்டை விட்டுக் காலிப்பரில் முடுக்க வேண்டும். அந்த போல்ட்தான் அம்மாவைப் பாடாய்ப் படுத்தியது. இரண்டு சுற்று சுற்றும், பிறகு அடம்பிடித்து நின்றுவிடும்.

இதற்குள் மூன்று பைப் வாங்கியாகிவிட்டது. ஒவ்வொன்றும் அதற்கான போல்ட்டோடுதான் வந்தது. மூன்றும் அதே இரண்டு சுற்றுதான்.

அம்மா ஒரு நூலகர். எந்தப் புத்தகம் வேண்டுமென்றாலும் பெயரும் ஆண்டும் சொன்னால் போதும், சரியான அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவாள். உதிரிபாகக் கடையிலும் அப்படியே செய்தாள். வண்டியின் பெயர், வந்த ஆண்டு, கையேட்டின் பக்க எண் எல்லாம் சொன்னாள். கடைக்காரரும் அதே பெயருக்குரிய பைப்பைக் கொடுத்தார். இரண்டாவது முறை போய்ச் சண்டை போட்டபோதும் அதையே கொடுத்தார். மூன்றாவது முறையும் அதேதான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. போல்ட் பத்து மில்லிமீட்டர்னு புக்லயே போட்டிருக்கு. இதுவும் பத்துதான். அப்புறம் என்ன வந்துச்சு இதுக்கு?" அம்மா எரிச்சலோடு பெரிய ஸ்பேனரை எடுத்தாள். "ஒரு தம் பிடிச்சுத் திருகினா தானா உள்ளே போயிடும்."

"அம்மா, நிறுத்துங்க!"

குண்டூசி நோட்டைச் சீட்டிலேயே விட்டுவிட்டுக் கீழே குனிந்தாள். போல்ட்டுக்கு நேர் கீழே தரையில் ஏதோ மின்னியது. விரலால் தொட்டு அம்மாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். வெள்ளி நிறத்தில் பொடி.

"போல்ட் கறுப்பா இருக்கு. அப்போ இது காலிப்பரோட பொடி. உள்ளே இருக்கிற மரையை போல்ட் சுரண்டுதும்மா."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. உள்மரை போனால் காலிப்பரும் போச்சு. இத்தனை பழைய வண்டிக்கு இன்னொரு காலிப்பருக்கு எங்கே போவது? அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போகட்டும். இரும்புக்காரர் வந்து தூக்கிட்டே போகட்டும்."

குண்டூசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேசை இல்லாமல் ஏழு மாதம் பொறுத்திருக்கிறாள். முதல் சவாரி அவளுக்குத்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதற்காகவாவது இந்த போல்ட்டை விடக்கூடாது.

அவள் யோசித்தாள். பிறகு கேட்டாள். "அம்மா, எனக்கு ஷூ வாங்கும்போது கடையில என் பேரையா சொல்றீங்க?"

"இதென்ன கேள்வி? உன்னையே கூட்டிட்டுப் போவேன்."

"ஏன்?"

"காலுக்குப் போட்டுப் பார்த்துத்தானே... " அம்மா பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"காலிப்பரைக் கழட்டுங்க. அதையே கூட்டிட்டுப் போவோம்."

காலிப்பரைப் பழைய துணியில் சுற்றிப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மதியமே கடையை மூடிவிடுவார்கள்; அதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அம்மாவைப் பார்த்ததுமே கடைக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"மறுபடியுமா? நீங்க சொன்ன வண்டிக்கு உலகத்துல இந்த ஒரு பைப்தாங்க இருக்கு!"

"அப்புறம் ஏன் போக மாட்டேங்குது?"

"அதை வண்டிகிட்டப் போய்க் கேளுங்க!"

"நீங்களே வந்து கேளுங்க!"

இந்தப் பெரியவர்களை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது என்று குண்டூசிக்குப் பட்டது. பையிலிருந்து காலிப்பரை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"மாமா, வண்டி பேரையே மறந்துடுங்க. இதுக்கு எது போகுதோ அதைக் கொடுங்க."

கடைக்காரர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே, பத்து மில்லிமீட்டர் போல்ட்கள் கிடந்த ஒரு தட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "நீயே பார்த்துக்கம்மா. எனக்குப் பொறுமை போயிடுச்சு."

குண்டூசி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். இரண்டே விரலால்தான் சுற்றினாள். முதலாவது இரண்டு சுற்றில் நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவது உள்ளேயே நுழையவில்லை. நான்காவது நின்றது. கடைப் பையன்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். அம்மா நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

ஏழாவது போல்ட் இரண்டு சுற்று சுற்றியது. மூன்றாவது சுற்றும் சுற்றியது. நான்கு, ஐந்து, ஆறு என்று வழுக்கிக்கொண்டு போய்த் தலை வரை உட்கார்ந்தது.

"போயிடுச்சு!"

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த போல்ட்டைக் கழற்றி, பழைய போல்ட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே பருமன்தான். ஆனால் ஒன்றில் மரைக்கோடுகள் நெருக்கமாக ஓடின, மற்றொன்றில் தள்ளித் தள்ளி ஓடின. காலிப்பரைத் திருப்பி அதன் அடியில் இருந்த எண்ணைப் படித்தவர் சிரித்தே விட்டார்.

"இது உங்க வண்டியோட காலிப்பரே இல்லைங்க! யாரோ எப்பவோ வேற வண்டியிலேருந்து கழட்டி மாட்டியிருக்காங்க. புக்ல அது எப்படி வரும்?"

"அப்போ நான் வாங்கின மூணு பைப்பும்?"

"மூணும் நல்ல பைப். அதோட வளையத்துக்குள்ள இந்த போல்ட்டும் போகும். உங்களுக்கு வேண்டியது இந்த ஒரே ஒரு போல்ட்தான்."

அம்மா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். "இதை உங்கப்பாகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

"சொல்லவே வேண்டாம்மா," என்றாள் குண்டூசி. "வண்டியை நிறுத்திக் காட்டுங்க, போதும்."

வீட்டுக்கு வந்ததும் காலிப்பரை மாட்டினார்கள். பைப்பின் வளையத்துக்கு இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர் வைத்து போல்ட்டை முடுக்கினார்கள். எண்ணெய் ஊற்றிய பிறகு பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டியிருந்தது. அம்மா பிரேக் கைப்பிடியை அமுக்கிப் பிடிக்க, குண்டூசி காலிப்பரின் சின்னத் திருகைத் திறந்து மூடினாள். குமிழி வந்துகொண்டே இருந்தது. "இன்னுமா?" "இன்னும்!" என்று இருவரும் நூறு தடவையாவது கத்தியிருப்பார்கள். நாலே முக்காலுக்குத்தான் கடைசிக் குமிழி வந்தது.

ஐந்து மணிக்கு இரும்புக்காரர் வாசலில் மணியடித்தார். அப்பா கதவைத் திறந்து தெருவுக்கு வந்தார். தெருக்கோடியிலிருந்து தலைக்கவசத்தோடு அம்மா வண்டியில் வந்துகொண்டிருந்தாள்.

"அடப் பாவமே, நிறுத்து! நிறுத்து!" அப்பா இரும்புக்காரரின் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அம்மா கைப்பிடியை அமுக்கினாள். வண்டி அப்பா ஒளிந்த இடத்துக்குப் பத்தடி முன்னாலேயே, சத்தமில்லாமல், சொன்ன பேச்சு கேட்டு நின்றது.

இரும்புக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இதையா எனக்குக் கொடுக்கிறேன்னு சொன்னீங்க? உங்களுக்கு என்ன சார் ஆச்சு?"

"யாரு சொன்னது? நானா?" அப்பா வெளியே வந்து சட்டையைச் சரிசெய்தார். சீட்டை மெதுவாகத் தடவிப் பார்த்தார். ஏறுவதற்கு ஒரு காலையும் தூக்கிவிட்டார். "சும்மா ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?"

குண்டூசி சின்னத் தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டு, அவரைத் தாண்டிப் போய் அம்மாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"வரிசையில வாங்கப்பா," என்றாள்.