முள் கட்டிய சுவர்

"வீடு வாங்கி ஒம்பது மாசம் ஆகல. சுவரு உதிருது. கட்டித் தர கொத்தனாரு எழுநூறு ரூபாய் கேக்குறாரு" என்றாள் உம்மு சல்மா, ஆரோக்கியதாஸ் வீட்டுத் திண்ணையில் நின்று. "வித்தது தோல் வியாபாரி ஜெகபர் அலி. மழையில ஊறியிருக்கும்ங்கிறாரு. தெரிஞ்சே மறைச்சேன்னு காட்டுனா மொத்தமும் தாரேன்னு ஜமாஅத்துல சொல்லிட்டாரு. வளையலை வித்து வாங்குன வீடு. மக பிரசவத்துக்கு வந்திருக்கா. வேற எடமில்ல."

அது 1958, ஐப்பசி. ஓய்வுபெற்ற கோர்ட்டு அமீனா ஆரோக்கியதாஸ் செருப்பை மாட்டினார். முன்பு அவரோடு ஜப்திக்குப் போன சேவகன் பொம்மையன் குடையை எடுத்தான்.

பேகம்பூர்ச் சந்தில், வீட்டின் பக்கச் சுவரை இரண்டு ஆடுகள் நக்கிக்கொண்டிருந்தன. பொம்மையன் விரட்டினான். திரும்பி வந்தன.

"கூரை ஒழுகியிருக்கும் சார்."

"ஒழுகினா மேலேயிருந்து நனையும். இது இடுப்புக்குக் கீழ உதிர்ந்திருக்கு."

சுவரடியில் வரிசையாகக் குழிகள் இருந்தன.

"ஜெகபர் பாய் முள்வேலி கட்டியிருந்தாரு. திருடனுக்காம்" என்றாள் உம்மு சல்மா. "போன மாசம் பிடுங்கி அடுப்பெரிச்சேன்."

"வாசப்பக்கம்?"

"அங்க வேலி இல்ல."

ஆரோக்கியதாஸ் செங்கல் தூளை நாக்கில் வைத்தார். துப்பினார். "பாயைக் கூட்டிட்டு வா."

ஜெகபர் அலி வந்து, அந்தப் பக்கச் சுவரை ஒட்டிய அறையில் உட்கார்ந்தார். "என்ன அமீனா, ஜப்திப் பழக்கம் இன்னும் போகலியா?"

"இங்க தோல் அடுக்குனீங்களா பாய்?"

"குடியிருந்த வீடு. தோலெல்லாம் கிடங்குல."

"சுவருக்குள்ள உப்பு இருக்கு. கெடாம இருக்கத் தோல்ல தடவுன உப்பு செங்கல்லுல ஏறி அரிச்சிருக்கு."

"இருக்கட்டும். எனக்கெப்படித் தெரியும்?"

"ஜன்னல்கூட இல்லாத சுவருக்கு எந்தத் திருடன் வருவான்? வாசலை விட்டுட்டு இங்க முள் கட்டுனீங்க. வேலி போனதும் உப்புக்கு ஆடு வந்து நக்குது. வீடு பாக்க வர்றவங்க கண்ணுல அது படக்கூடாது. அதுக்குத்தான் வேலி."

"ஆடுதான் சாட்சி, பாய்" என்றான் பொம்மையன். "குறுக்கு விசாரணை பண்ணுங்க."

ஜெகபர் அலி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "மூணு வருசம் அடுக்குனேன். கடன்காரன் நெருக்குனான். சொன்னா யாரு வாங்குவா? தாரேன். எழுநூறும் தாரேன்."

பொம்மையன் எழுதக் காகிதம் எடுத்தான். ஆரோக்கியதாஸ் கையைத் தடுத்தார்.

"இந்தச் சுவரோட மட்டும்தான் அடுக்குனீங்களா?"

ஜெகபர் அலியின் பார்வை எதிர்ச்சுவருக்குப் போனது. அந்தச் சுவரை ஒட்டித்தான், அடுத்த அறையில், உம்மு சல்மாவின் மகள் படுத்திருந்தாள்.

உம்மு சல்மா பணத்துக்கு நிற்கவில்லை. உள்ளே போய் மகளை எழுப்பி, சுவரை விட்டு நகர்த்தினாள்.