கடைசி வரிசையில் ஓர் இடம்

மேச்சேரி ரோட்டை விட்டுப் பிரிந்து, சோளத்தட்டுப் போர்களைத் தாண்டி எங்கள் கார் அந்த மானாவாரிக் காட்டோரம் போய் நின்றபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. காட்டுக்காரர் சின்னுசாமி வேப்பமரத்தடியில் செம்மறி ஆடுகளோடு உட்கார்ந்திருந்தார். மேல்மண்ணை ஆள் உயரத்துக்கு வெட்டிச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டாராம். மிச்சம் கிடந்தது தோலுரித்த மாதிரி ஒரு செம்மண் பள்ளம்.

"நல்லாத் தேடிக்குங்க சாமி. அங்க ஒண்ணும் வெளையறதில்லீங்க. ஆடுகூட எறங்காது" என்றார்.

ஆடு ஏன் இறங்காது என்று என் கணவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கணவர் சபரிநாதனுக்குக் கோழித்தீவனக் கம்பெனியில் விற்பனை வேலை. வாரம் முழுக்கப் பண்ணை பண்ணையாக அலைபவர் ஞாயிற்றுக்கிழமையாவது வீடு தங்குவார் என்று பார்த்தால், அன்றைக்குத்தான் புதையல் தேடக் கிளம்புவார். அவரைப் போலவே கிறுக்குப் பிடித்தவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழுவே வைத்திருக்கிறார்கள். கையில் மெட்டல் டிடெக்டர், செல்போனில் ஒரு மேப் ஆப். மண்ணுக்குள் காசு இருந்தால் டிடெக்டர் 'கீய்ங், கீய்ங்' என்று இரண்டு முறை கத்தும். கத்தியதும், நிற்கிற இடம் ஆப்பில் தானாகவே சிவப்புப் புள்ளியாக விழும். அதற்குப் பெயர் பாயிண்ட். தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போர்வெல்லுக்குப் பாயிண்ட் பார்க்கிற ஊர்க்காரர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

எனக்கு இந்தப் பொழுதுபோக்கே அருவருப்பு. யார் கை பட்டதோ, யார் எச்சில் பட்டதோ, அதையெல்லாம் நோண்டி எடுத்துத் துடைத்து முகர்ந்து பார்ப்பது என்ன ஆசை? அன்றைக்கு நான் போனதே கனிஷ்காவுக்காகத்தான். மூன்று வயதுப் பிள்ளை, அப்பாவோடு போகிறேன் என்று ஒரே அழுகை.

பள்ளத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே டிடெக்டர் கத்தியது. அவர் சின்ன மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினார். பழைய செப்புக் காசு ஒன்று வந்தது. தேய்ந்துபோன ராஜா தலை, மேலெல்லாம் பச்சைக் களிம்பு. அதோடு ஒட்டிக்கொண்டு வளைந்த ஒரு துண்டு. மெலிசாக, பழுப்பாக.

"என்னங்க அது?"

"ஏதோ ஓடு. பழைய பானை ஓடா இருக்கும்." போட்டோ எடுத்துக்கொண்டு அதைத் தூர எறிந்தார். காசை எச்சில் தொட்டுச் சட்டையில் துடைத்தார்.

காய்ந்த மண்ணிலிருந்து ஒரு வாடை வந்தது. மூடி வைத்து மறந்துபோன சோற்றுப் பானையைத் திறந்தால் வருமே, அது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவருக்கு எதுவும் தெரியவில்லை. மறுபடி கீய்ங். மறுபடி ஒரு காசு, மறுபடி ஓடு. மதியம் அதே கையால் எலுமிச்சம்பழச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். நகக்கண்ணில் இருந்த மண் சோற்றோடு சேர்ந்து உள்ளே போனதை நான் பார்த்தேன். ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

சாப்பிட்டு முடித்து மேப்பைக் காட்டினார். "பாரு பிரியா, நூல் புடிச்சாப்பல வரிசையா உளுந்திருக்குது! அந்தக் காலத்துச் சந்தையா இருக்கும். கடைக்கு ஒரு காசு உட்டாக்கூட இத்தனை வருமே."

தரையில் பார்த்தால் வெறும் குழிகள்தான். மேப்பில் பார்த்தால்தான் அந்த ஒழுங்கு தெரிந்தது. வரிசைக்குப் பின்னால் வரிசை. கடைசி வரிசையில் மட்டும் நடுவே ஓர் இடம் காலி.

"இங்கயும் ஒண்ணு இருக்கோணுமே" என்று அந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவினார். டிடெக்டர் கத்தவில்லை.

மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த கனிஷ்கா எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியாது. சரியாக அந்தக் காலி இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி சாமி, மண்ணு சுடும்."

"சுடலம்மா. இது என்ற எடம், எனக்குத்தான்."

தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அந்த வெயிலிலும் பிள்ளையின் தொடை சில்லென்று இருந்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போய்விட்டார். காசுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு டிவி பக்கத்தில் வைத்திருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். ஹாலில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளையின் சத்தம் நின்றது. பிள்ளை சத்தம் நின்றால் ஏதோ வில்லங்கம் என்று எந்த அம்மாவுக்கும் தெரியும். சாந்துப் பொட்டைச் சுவரில் பூசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

முதலில் அந்த வாடைதான் வந்தது.

கனிஷ்கா தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். கால்கள் இரண்டும் சேர்ந்திருந்தன. கைகள் உடம்போடு ஒட்டி நேராக இருந்தன. கண்கள் மூடியிருந்தன.

நெற்றியில் காசு.

எங்கள் பக்கம் செத்தவர்களுக்குத்தான் நெற்றியில் காசு வைப்போம்.

நான் கத்தினேனா இல்லையா என்று தெரியவில்லை. பாய்ந்து காசைப் பிடித்து இழுத்தேன். அட்டையைப் பிய்த்தால் தோலோடு வருமே, அப்படி இழுத்துக்கொண்டு வந்தது. காசு இருந்த இடத்தில் பச்சையாக ஒரு வட்டம்.

கனிஷ்கா கண்ணைத் திறந்து என்னைக் கோபமாகப் பார்த்தாள். "ஏம்மா எடுத்தே? எல்லாருக்கும் இருக்குதில்ல?"

"ஆருக்கு சாமி?"

அவள் காசுக்காகக் கையை நீட்டினாள்.

ஆப்பில் உள்ளதையெல்லாம் அவர் பெருமைக்கு என் செல்லுக்கும் அனுப்பியிருந்தார். அதைத் திறந்தேன். தூரம் அளக்கிற வசதி ஒன்று அதில் உண்டு. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் அளந்து பார்த்தேன். நான் படுத்தால் இடிக்கும். கனிஷ்கா படுத்தால் சரியாக இருக்கும்.

பெரியவர்களை எங்கள் வீடுகளில் எரிப்போம். பிள்ளைகளை எரிக்க மாட்டோம், புதைப்போம்.

அந்த ஓட்டின் போட்டோவைப் பெரிதாக்கினேன். வளைவின் நடுவில் பச்சையாக ஒரு வட்டம் இருந்தது. பானை ஓடு இல்லை. இத்தனை சின்ன மண்டை ஓட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. என்ன அம்மையோ, என்ன பஞ்சமோ, ஊரே தன் பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் நெற்றியில் இருந்ததைப் பிடுங்கித்தான் என் வீட்டுக்காரர் எச்சில் தொட்டுத் துடைத்தார்.

போன் போட்டு அழுத அழுகையில் அவர் உடனே வந்துவிட்டார். கனிஷ்காவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் பள்ளத்துக்குப் போனோம்.

"ஒவ்வொண்ணா, எடுத்த எடத்துல வைங்க" என்றேன்.

டப்பாவைத் திறந்து அவர் விரலால் காசுகளைக் கிளறினார். எல்லாக் காசும் ஒரே மாதிரி இருந்தது. "எது எந்தக் குழிக் காசுன்னு எனக்கெப்பிடித் தெரியும்? ஆப்பு எடத்தைத்தான் காட்டும். காசு ஆருதுன்னு அதுக்குத் தெரியுமா?"

"அதுக்காக?"

அவர் டப்பாவை ஒரே குழியில் கவிழ்த்தார். குப்பையைக் கொட்டுகிற மாதிரி கொட்டினார். காலால் மண்ணைத் தள்ளி மூடினார். காரில் உட்கார்ந்ததும் எல்லாப் பாயிண்டையும் அழித்தார். எனக்கு அவரைத் தொடவே அருவருப்பாக இருந்தது. ஆனால் நானும் இறங்கிப்போய்த் தோண்டி வரிசையாக வைக்கவில்லை. அந்த மண்ணைத் தொட எனக்கும் கை வரவில்லை.

கனிஷ்காவின் நெற்றியில் பச்சை மங்கியதே தவிர மறையவில்லை. சோப்பு, தேங்காய் எண்ணெய், ஓமலூர் டாக்டர் கொடுத்த களிம்பு எதற்கும் அசையவில்லை. நான் பெரிய பொட்டாக வைத்து மறைத்துக்கொண்டிருந்தேன்.

டிடெக்டரை விற்றுவிடச் சொன்னேன். அவர் குழுவில் இருக்கும் கலையரசன் என்பவர் இளம்பிள்ளை ஊரிலிருந்து வாங்க வந்தார். நல்ல மனிதர், காலை நேரம், ஹால் நிறைய வெளிச்சம். என் கணவர் தன் செல்லில் ஆப்பைத் திறந்து, டிடெக்டரோடு எப்படி இணைப்பது என்று காட்டிவிட்டு மேசைமேல் வைத்தார்.

"ஓடுதான்னு பாத்துக்கறனுங்க" என்று கலையரசன் டிடெக்டரை எடுத்துத் தரையோரமாக வீசினார். சத்தம் இல்லை. அப்போதுதான் குளித்துவிட்டுப் பொட்டில்லாமல் ஓடிவந்த கனிஷ்கா, அந்த வட்டத் தட்டுக்கு அடியில் தலையை நீட்டினாள்.

கீய்ங், கீய்ங்.

கலையரசன் சிரித்தார். பிள்ளையின் காதுத் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு மறுபடி பிடித்தார். காது பக்கம் சத்தம் இல்லை. கழுத்துப் பக்கம் இல்லை.

நெற்றிக்கு நேராக வந்தது.

கீய்ங், கீய்ங்.

"இங்க ஒண்ணுமே இல்லீங்களே" என்றார் கலையரசன், மெதுவாக.

மேசைமேல் இருந்த செல் அதிர்ந்தது. 'புதிய பாயிண்ட் சேர்க்கப்பட்டது.' நான் எடுத்துப் பார்த்தேன். எங்கள் தெரு இல்லை, நாங்கள் இருக்கும் ஓமலூரே இல்லை. திரையில் அந்தச் செம்மண் பள்ளம். அழித்த பாயிண்டுகள் எல்லாம் வரிசை வரிசையாகத் திரும்பி வந்திருந்தன. கடைசி வரிசையின் நடுவில், காலியாக இருந்த இடத்தில், புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி.

கனிஷ்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் வாயிலிருந்து அந்த வாடை வந்தது.

"இப்ப எல்லாருக்கும் இருக்குதும்மா."