விழுந்த பிறகு ஒரு கணக்கு

போன் அலறியது.

விசாரணை அதிகாரி எடுத்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'துருவி'. ஒரு கேள்வியைப் பிடித்தால், தேங்காயைத் துருவுகிற மாதிரி, ஓடு தெரிகிறவரை விடமாட்டாள்!

சரக்கு விமானம் ஒன்று மேலே எழும்பாமல் ஓடுபாதையைத் தாண்டி, வேலியை உடைத்து, பள்ளத்தில் விழுந்து புகைந்துகொண்டிருந்தது. உள்ளே இரண்டே பேர். கேப்டன் பிழைத்துவிட்டார்.

துணை விமானி... பிணம்!

கேப்டன் மாமனார். செத்தவன் அவருடைய மாப்பிள்ளை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கொடுமை!

அந்த வாரமே துருவி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கேப்டன் கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பக்கத்தில் மகள், அழுது வீங்கிய முகத்தோடு. துருவியை வராந்தாவுக்கு இழுத்துப்போய் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாமனாரையே கொல்லப் பாத்தவன்னு சாவு வீட்டுலயே பேசினாங்க மேடம். என் வீட்டுக்காரர் தப்பு பண்ணினாரா? அதை மட்டும் சொல்லுங்க."

துருவி உள்ளே வந்து கேப்டன் எதிரில் உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். விமானம் எத்தனை டன் என்று 'டேப்' எனும் கையடக்கக் கம்ப்யூட்டரில் தட்டினால், எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும் என்று அது சொல்லும். அதற்கென்ன சொந்த புத்தியா இருக்கிறது? தப்பாகத் தட்டினால் தப்பாகத்தான் சொல்லும். அதனால் விமானிகள் இருவரும் அவரவர் டேப்பில் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, பிறகுதான் ஒப்பிட வேண்டும். அன்றைய எடை எழுபத்திரண்டு டன். தட்டப்பட்டதோ முந்தின பயணத்தின் ஐம்பத்திரண்டு!

மாப்பிள்ளை ஐம்பத்திரண்டு என்றாராம். தானும் தனியாகப் போட்டுப் பார்த்தாராம், அதே விடைதானாம். கேப்டன் ஒப்பித்தார்.

"தனியா போட்ட ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு எப்படி சார் வரும்? பக்கத்துப் பையனைப் பாத்து எழுதினாத்தானே வரும்?"

கேப்டன் கண்ணை மூடினார். பிறகு பெருமூச்சோடு ஒப்புக்கொண்டார். ஆமாம், தான் கணக்கே போடவில்லை. மாப்பிள்ளை சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாராம்.

"வீட்டுப் பிள்ளையை நம்பினேன் மேடம். அது ஒரு குத்தமா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்படியானால் தப்பு அவள் புருஷனுடையதுதான்!

"அழாதீங்கம்மா," என்றாள் துருவி. "உங்க வீட்டுக்காரர் டேப்புல ரெண்டு கணக்கு இருக்கு. முதல்ல போட்டது எழுபத்திரண்டு. சரியான கணக்கு."

கேப்டன் அவசரமாகக் குறுக்கிட்டார். பிறகு மாற்றியிருப்பார், சின்னப் பையன், குழம்பியிருப்பார் என்றார்.

"மாத்தினது எப்போன்னும் டேப்புல பதிவாகியிருக்கு சார். வேலியை உடைச்சதுக்கு அப்புறம். பள்ளத்துல கிடக்கற விமானத்துக்கு யார் சார் டேக்-ஆஃப் வேகம் பாப்பாங்க?"



விமானத்தில் கரண்ட் போனால் விமானிகளின் பேச்சைப் பதியும் குரல் பதிவுப் பெட்டியும் நின்றுவிடும் என்று கேப்டன் கணக்குப் போட்டிருந்தார். பழைய ஆள்! புதுப் பெட்டிக்குத் தனி பேட்டரி இருப்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

துருவி தன் போனில் அந்தப் பதிவை ஓடவிட்டாள். இருமல். புகையில் திணறும் குரல்.

"எழுபத்திரண்டுன்னு காட்டினேனே மாமா... நீங்கதானே பேசாம வாங்கன்னீங்க... பெல்ட் சிக்கிக்கிச்சு... அந்த டேப்பை விடுங்க மாமா... பெல்ட்டை..."

மாப்பிள்ளையின் உடம்பில் பெரிய காயமே இல்லை, பெல்ட்டை அவிழ்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அவிழ்க்க வேண்டிய கை அப்போது ஐம்பத்திரண்டு என்று தட்டிக்கொண்டிருந்தது. சீ... இவரெல்லாம் ஒரு மனுஷனா!

"இத்தனை வருஷம் சம்பாதிச்ச பேரும்மா..." கேப்டன் மகளின் கையைத் தேடினார். "முதல்ல டேப், அப்புறம் அவரைத் தூக்கிடலாம்னுதான் நினைச்சேன். புகை வந்துடுச்சு. அப்பாவை விட்டுடாதம்மா."

மகள் கையை விலக்கிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். ஜன்னல் வழியே கீழே பார்த்தாள்.

"போலீஸ் ஜீப் வந்தாச்சுப்பா," என்றாள் நிதானமாக. "ஏறினதும் பெல்ட் போட்டுக்குங்க. சிக்கிக்கிச்சுன்னா என்னைக் கூப்பிடாதீங்க. என் கைக்கும் வேற வேலை இருக்கும்."