வந்து சேராத புகைப்படம்

2004, ஆகஸ்டு 11. செய்யாத கொலைக்காகத் தர்மன் காவலில் இருந்தான். அவனை அங்கே தள்ளியது, பெயரில்லாத ஒருவர் அனுப்பிய தகவல். அந்தத் தகவல் வந்து சேர்ந்த இணையப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டவளோ அவனுடைய உடன்பிறந்த தங்கை வெற்றிச்செல்வி.

இதைவிட அநியாயம் உண்டா?

தொலைபேசி அலறியது!

"வெற்றி, இன்ஸ்பெக்டர் சாமிதுரை பேசுறேன். அங்கயே இரு. குவாரி ஓனர் சிங்காரவேலுவோட வரேன்."

தொடர்பு அறுந்தது.

பெரம்பலூரில் அந்த இணைய மையத்தை நடத்தியவர் நசீர். துபாயிலிருந்து திரும்பிய லப்பைக்குடிக்காட்டுக்காரர். அவருடைய உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் 'துப்புத் தாருங்கள்' என்றொரு படிவம் இருந்தது. அமைத்தவள் வெற்றிச்செல்வி. அதில் வரும் செய்தியை அச்செடுத்துக் காவல் நிலையத்தில் கொடுப்பது நசீரின் வழக்கம்.

"பயப்படாத புள்ள. அந்தத் தகவல இன்னொருக்கா படி" என்றார் நசீர்.

படித்தாள்.

'ரஞ்சன்குடிக் கோட்டை மதிலிலிருந்து குருநாதனைத் தள்ளியவன் தர்மன். நேரில் கண்டேன்.'

அவ்வளவே.

குருநாதன், சிங்காரவேலுவின் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரியில் கணக்கர். தர்மன் அங்கே லாரி ஓட்டுநர். ஞாயிறன்று இருவரும் கோட்டைக்குச் சென்றனர். கணக்கர் அகழியில் பிணமாகக் கிடந்தார்...

"ஒங்க அண்ணன் என்னதான் சொல்லுது?"

"குவாரிய எல்ல தாண்டி வெட்டுறத கலெக்டர்ட்ட சொல்லப் போறேன், நீயும் சாட்சிக்கு வான்னு குருநாதன் கூப்பிட்டாராம். சரின்னுட்டு அண்ணன் எறங்கி வந்துடுச்சாம். அவரு மேலயே நின்னாராம்."

"யா அல்லா."

ஜீப் வந்து நின்றது.

சிங்காரவேலு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நுழைந்தார்.

"கொலகாரன் தங்கச்சிக்கிட்டயே துப்பு சொல்லச் சொன்னா எப்புடி பாய்? போட்டோவ எங்க ஒளிச்சா, கேளுங்க."

"எந்தப் போட்டோ?" என்றாள் வெற்றிச்செல்வி.

"தகவலோட வந்த போட்டோ. அழிச்சிட்டியா?" என்றார் சிங்காரவேலு.

சாமிதுரையின் குரல் இறுகியது. "அழிச்சிருந்தா நீயும் உள்ள போவணும் வெற்றி."

வந்ததை வந்தபடியே சேமிக்கும் கோப்பைத் திறந்தாள். தகவலின் வாலில் ஒரு வரி...

D%3A%5CSVQUARRY%5Ckottai3.jpg

"என்னம்மா இது, தந்தி பாஷையா?" என்றார் சாமிதுரை.

"படம் அனுப்பியிருக்காங்க சார். ஆனா வந்து சேரல. தப்பு என்னுது. பேரு, ஊரு கேக்குற பழைய ஃபார்ம காப்பியடிச்சு, படத்துக்கு ஒரு பெட்டிய ஒட்டிவிட்டேன். ஃபைல தனிப் பொட்டலமா கட்டி அனுப்புன்னு மேல ஒரு வரி போட்டிருக்கணும். போடல. அதனால எழுத்து மட்டும் வந்திருக்கு."

"என் சைட்டுல இவ்ளோ பெரிய ஓட்டையா?" என்றார் நசீர்.

"என்ன எழுத்து?" இது சாமிதுரை.

"அவங்க கம்ப்யூட்டர்ல படம் இருந்த எடம் சார். நெட் பாக்குற எக்ஸ்புளோரர் முழு விலாசத்தையும் சேத்து அனுப்பிரும். பர்சன்ட் குறியோட வரதெல்லாம் முகமூடி. மூணு ஏ-ன்னா மேலயும் கீழயும் ரெண்டு புள்ளி. அஞ்சு சி-ன்னா சாஞ்ச கோடு. மாத்திப் படிங்க."

"டி... எஸ்வி குவாரி... கோட்டை மூணு."

படித்து முடித்த சாமிதுரை, சிங்காரவேலு பக்கம் மெல்லத் திரும்பினார்.

"தகவல்ல போட்டோன்னு ஒரு வார்த்த இல்ல. ஒங்களுக்கு எப்புடிங்க தெரிஞ்சுது?"

கைக்குட்டை கழுத்திலேயே நின்றது.

"என் ஆபீஸ் மெஷின எத்தனையோ பேரு தொடுவான். எவனோ அனுப்பியிருக்கான். படத்தப் பாருங்க சார். தர்மனும் குருநாதனும் மதில் மேல நிக்கிறது பளிச்சுன்னு தெரியும்."

"பாத்துருவோம். ஒங்க மெஷின்லயே."

அரியலூர். குவாரி அலுவலகம். நால்வரும் திரையைச் சூழ்ந்தனர்.

மூன்றாம் படம் விரிந்தது. மதில் விளிம்பில் இருவரும் நின்றனர். தர்மனின் கை குருநாதனின் தோளில்...

வெற்றிச்செல்வி திரைக்கு அருகே குனிந்தாள். அண்ணனின் கழுத்துக்குக் கயிறு இதுவேதான்!

சாமிதுரை அடுத்த படத்தைத் தட்டினார்.

வெகு கீழே, படிகளில் இறங்கும் தர்மனின் முதுகு. மதிலின்மேல் குருநாதன், தனியே, உயிரோடு. படமெடுத்தவரைப் பார்த்துத் திடுக்கிட்டுத் திரும்பிய முகம்.

"கேமரா யாருதுங்க?"

சிங்காரவேலு நாற்காலியில் சரிந்தார். "ரெண்டு பேரும் என்ன பேசுறானுங்கன்னு பாக்கத்தான் போனேன்..."

"மிச்சப் படத்த அழிக்கத் தோணலியா?"

"போறது அந்த ஒரு படம் மட்டும்னு நெனச்சேன்."

"அது மட்டுந்தான்யா போகல."

விலங்கு பூட்டும் ஒலி கேட்டது. வெற்றிச்செல்வி வாய்விட்டு அழுதாள்.

"சார்... நான் ஃபார்ம ஒழுங்கா செஞ்சிருந்தா?"

"படம் வந்திருக்கும். அந்த வரிய எவன் திரும்பிப் பாத்திருப்பான்? ஒங்கண்ணன் தூக்குக்குப் போயிருப்பான்."

வாசகரே, கோப்புக் கேட்கும் படிவத்தை அமைக்கிறவர் நீங்களானால் அந்த ஒரு வரியைத் தவறாமல் எழுதுங்கள். அரைகுறை வேலைக்கு மன்னிப்பே கிடையாது. அனுப்பப் போகிறவர் கொலைகாரர் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், விட்டுவிடுங்கள்.