பாதி வலி

நறுக்கென்று எலும்பு சொடுக்கும் சத்தம் மொகெதிக்குப் பழக்கமானதுதான்; தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து முதுகில் விழுந்த நாளிலிருந்து, குனிந்தாலும் திரும்பினாலும் தும்மினாலும்கூட அவன் முதுகெலும்பு அப்படித்தான் சொடுக்கும். இன்று அந்தச் சத்தம் அடுப்படியிலிருந்து வந்தது.

முகத்தில் மாட்டியிருந்த மெய்நிகர் கண்ணாடிக்குள் பச்சை மலைச்சரிவும் அசையும் புல்லும் தெரிந்தன. நாக்கடியில் விட்ட கஞ்சா எண்ணெயின் கசப்பு இன்னும் தொண்டையில் நின்றது. மசேரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வலியை மறக்க இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்திருந்தாள். வீட்டில் அவன் கண்ணாடியை மட்டும் காட்டினான். கஞ்சா புகைத்த பையன்களைச் சபையை விட்டே விலக்கச் சொல்லி முதலில் கை தூக்கிய மூப்பர் அவன். எண்ணெயை எந்த முகத்தோடு காட்டுவது?

மனைவி மாலினெயோ (மகள் லினெயோ பிறந்ததிலிருந்து அதுதான் அவள் பெயர்), வியாழன் தவறாமல் சிவப்புச் சட்டை போட்டுப் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவள். வலி குறைந்தது எப்படி என்று கேட்டாள். "உன் ஜெபந்தான்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

அவள் அப்படியே நம்பிவிட்டாள். அதிலிருந்து தினமும் மதியம் அவன் முக்காலிக்குப் பின்னால் மண்டியிட்டு, முதுகில் கை வைத்துக் கேட்பாள்: "ஆண்டவரே, இவரு வலியில பாதிய எனக்குக் குடு."

"என்ன சத்தம் அது?" என்று கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டான்.

"ஒண்ணுமில்ல, லினெயோ அப்பா. பானையத் தூக்கினேன்."

சோளக்களி அடிபிடித்த வாடை வந்தது. அவள் ஒருநாளும் களியைத் தீயவிட்டதில்லை. பிறகு அவள் நடந்து வரும் ஓசை. ஒரு கால் ஊன்றியது, மற்றது சிமெண்டுத் தரையில் இழுபட்டது. அது அவனுடைய நடை.

"மண்டி போட்டா எழுந்திரிக்க முடியல. கிழவி ஆயிட்டேன், வேற பொண்டாட்டி பாத்துக்குங்க," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் மூச்சுத் திணறலாகியது. ஆனாலும் மண்டியிட்டாள். கைகள் அவன் முதுகைத் தொட்டன.

மொகெதிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இன்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவள் கேட்பதை நிறுத்திவிடுவாள்.

"கேளு. அது உன் ஜெபம் இல்ல. நான்..."

இடுப்படியில் ஜில்லென்றது.

ஓர் எலும்பு. அடுத்த எலும்பு. பழைய வலி ஏறி வந்தது.

வாயை மூடினான்.

நின்றது. இறங்கியது. பின்னால் நறுக், நறுக்கென்று சத்தம்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் திரும்பினான். இத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சுலபமாகத் திரும்பினான்.

மாலினெயோவின் நெற்றி தரையில் கிடந்தது. முதுகு இரண்டாக மடிந்திருந்தது. சிவப்புச் சட்டைக்குள் எலும்புகள் ஒவ்வொன்றாக இடம் மாறிக்கொண்டிருந்தன. கைகள் மட்டும் மேலே நீண்டு அவன் முதுகைத் தேடின.

"போயிடுச்சா, லினெயோ அப்பா?" தரையிலிருந்து குரல் வந்தது. "பாதிதான் கேட்டேன். மிச்சமும் வருது."

அவன் வாய் திறந்தது. இடுப்படியில் மறுபடி ஜில்லென்றது.

"போயிடுச்சு," என்றான்.

வெட்கத்தில் காது மடல் எரிந்தது. திரும்பி உட்கார்ந்தான். கண்ணாடியை இறக்கினான்.

பச்சைப் புல். நல்ல வெயில்.

தட்டித் தடவி அவள் கைகள் அவன் முதுகுக்கு வந்து சேர்ந்தன. ஆசையாக, எலும்பெலும்பாக, மேலே ஏறின.