வெறுங்குழாய்

காலை ஒன்பதரைக்கு அந்தப் பெட்டி வந்தது. பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் பின்பக்கம், ஒரு காலத்தில் தொற்றுநோய் வார்டாக இருந்த நீண்ட கூடம்தான் இப்போது ஆய்வுக்கூடம். பேர் தெரியாத எலும்புகளுக்கு டி.என்.ஏ. பார்த்து யாருடையவை என்று கண்டுபிடிக்கிற இடம்.

பதினொரு வருஷமாக அங்கே எலும்பு அறுப்பவளைக் கூட வேலை பார்ப்பவர்கள் கல்லக்கா என்பார்கள். குழந்தையின் மண்டையோடு வந்தால்கூட முகம் மாறாமல் எண் ஒட்டிவிட்டு, டீ ஆறிப்போச்சே என்று வருத்தப்படுகிற ஆள். அழுகை என்பது தனக்கு ஆறு வயதோடு தீர்ந்துபோன சமாச்சாரம் என்று நினைத்திருந்தாள். அம்மா ஓடிப்போன வயது அது. அப்பாதான் வளர்த்தார். சமைத்துப் போட்டார், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். வகிடு மட்டும் அவருக்கு நேராக எடுக்க வராது. அதனால் அன்றிலிருந்து இன்றுவரை வகிடே இல்லாமல் பின்னால் இழுத்துக் கட்டித்தான் பழக்கம்.

பெட்டியில் ஒரு தொடை எலும்பு, கீழ்த்தாடை, அதில் இரண்டு கடைவாய்ப் பற்கள். பெண், முப்பது வயதுக்குள். எங்கே கிடைத்தது என்கிற கோப்பை அவள் திறக்கவில்லை. சோதனை முடியும்வரை படிக்கக் கூடாது என்பது விதி.

முழு உடுப்பு, இரட்டைக் கையுறை, முகமூடி, தலையை மூடும் குல்லா. விரல்நக அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்தாள். எலும்பு அறுக்கும்போது வருகிற கருகல் வாசம் அவளுக்குப் பழகினதுதான். அதற்குள்ளே இன்னொரு வாசம் இருந்தது.

ஈரத் தலைமுடி வாசம்.

முகமூடியை இறுக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். துண்டைப் பொடியாக்கிக் கரைத்துக் குழாயில் விட்டாள். பக்கத்தில் எப்போதும்போல இன்னொரு குழாய். அதில் எலும்பு கிடையாது, மருந்துத் தண்ணீர் மட்டும். வெறுங்குழாய் என்பார்கள். அதில் ஒன்றுமே வரக் கூடாது. வந்தால், யாரோ தும்மிவிட்டார்கள், கை பட்டுவிட்டது, வேலை கெட்டது என்று அர்த்தம்.

மறுநாள் திரையைப் பார்த்தாள். டி.என்.ஏ. வரைபடத்தில் எலும்புக்கு வந்த அதே முகடுகள் வெறுங்குழாயிலும் வந்திருந்தன. ஒன்றுகூடக் குறையாமல்.

கை பட்டதைப் பிடிப்பதற்காகவே ஊழியர்கள் எல்லோருடைய டி.என்.ஏ.வும் கணினியில் இருக்கும். ஒப்பிட்டாள். அவளுடைய ஊழியர் எண்ணே வந்தது. பாதிக்குப் பாதி ஒத்துப்போனது.

தன் தப்புதான் என்று நினைத்தாள். கலப்படம் என்று எழுதிக் குழாய்களைக் கழிவு வாளியில் கொட்டிவிட்டு, மறுபடி அறுக்க உட்கார்ந்தாள். அப்போது குல்லாவுக்குள்ளே, நெற்றியிலிருந்து உச்சந்தலை நோக்கி, ஏதோ மெதுவாக நகர்ந்தது. சீப்பின் முனை மாதிரி இருந்தது.

அவள் அசையவில்லை.

அது உச்சிவரை போய் நின்றது.

இரண்டாவது முறையும் அதே முகடுகள். அதையும் கொட்டினாள். எலும்பு குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது முறை, பக்கத்து மேஜைக்காரனை அறுக்கச் சொல்லிவிட்டு அவள் வெளியிலேயே உட்கார்ந்திருந்தாள். வாய் ஓயாமல் பேசுகிற ஆள் அவன். முடிவு வந்த அன்று கிசுகிசுத்தான்.

"அக்கா, நீங்க உள்ளயே வரல."

"ம்."

"வெறுங்குழாய்லயும் வந்திருக்கு. ஒவ்வொரு இடத்துலயும் உங்களோடதுல சரியா பாதி. கை பட்டா இப்படி வராதுக்கா. இது..." எச்சில் விழுங்கினான். "இது அம்மாவும் மகளும்."

அடுத்தவர் விஷயத்தில் ஒரே பார்வையில் அவளே சொல்லியிருப்பாள். அம்மா எங்கோ சௌக்கியமாக இருக்கிறாள் என்று முப்பது வருஷமாக நம்பியவளுக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு முறை அம்மாவை அறுத்து, பொடித்து, வாளியில் கொட்டியிருக்கிறாள். உள்ளே எதுவும் உடையவில்லை. உடைந்தால் தேவலை என்றிருந்தது.

இனிக் கோப்பைத் திறக்கலாம். திறந்தாள். பாழடைந்த செங்கல் சூளை. அதன் பின்னால், மண் போட்டு மூடிய கிணறு. அந்தச் சூளையில்தான் அப்பா மேற்பார்வையாளராக இருந்தார்.

"மேல அனுப்பணும்க்கா. இல்ல, கலப்படம்னு எழுதி மூடிடலாம். நீங்க சொல்றதுதான்."

"நாளைக்குச் சொல்றேன்."

வீட்டில் அப்பா மூன்றாவது மாடி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். முழங்கால் வலியால் அவர் படியிறங்கி ஒரு வருஷமாகிறது. தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள்.

"அப்பா, சூளைக் கிணத்தை மூடினது யாரு?"

தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் அவர் கை நின்றது.

"எதுக்கும்மா இப்ப அது?"

"அதுலேருந்து ஒரு பெட்டி வந்திருக்கு. எங்கிட்ட."

பெட்டியில் யார் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"கலப்படம்னு எழுதிடும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "அடிக்கடி ஆகும்னு நீதானே சொல்லுவ. உன்னை வளர்த்ததுல நான் ஏதாவது குறை வச்சேனா?"

"இல்லப்பா."

அது உண்மை. உலகத்தில் அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு ஆள்தான். இவரையும் அனுப்பிவிட்டால் இந்த வீட்டில் இரண்டாவது தட்டு வேண்டியிருக்காது. தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

காலையில் அவருக்கு மாத்திரை கொடுத்து, மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள்.

"அனுப்பிடு" என்றாள் பக்கத்து மேஜைக்காரனிடம்.

இனி அந்தப் பெட்டியை அவள் தொடக் கூடாது. உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போய், ஏற்கெனவே கரைத்து வைத்திருந்த வேறொரு பெட்டியின் குழாய்களையும் புது வெறுங்குழாய் ஒன்றையும் இயந்திரத்தில் வைத்தாள். வெளியே வந்து குல்லாவைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். மதியம் முடிவு வந்தது.

வெறுங்குழாயில் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒன்று, அவளுக்கு இப்போது மனப்பாடமாகிவிட்ட முகடுகள். மற்றது ஒரு ஆண். தன்னுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அம்மாவிடம் இல்லாத பாதி அத்தனையும் அந்த ஆணிடம் இருந்தது. அப்பா இந்தக் கட்டடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

பைக்குள் போன் அடித்தது. எதிர்வீட்டு அம்மா.

"கதவு திறந்து கெடந்துச்சும்மா, எட்டிப் பார்த்தேன். நாற்காலியில உட்கார்ந்தபடியே... அப்பா போயிட்டாரும்மா." மூச்சு வாங்கியது. "வாயெல்லாம் ஈர மண்ணு. தொண்டைவரைக்கும். மூணாவது மாடியில அவ்வளவு மண்ணு ஏதும்மா?"

"வரேன்" என்றாள். அழுகை வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பக்கத்து மேஜைக்காரன் நிமிர்ந்து அவள் தலையைப் பார்த்தான்.

"என்னக்கா, புதுசா வகிடு எடுத்திருக்கீங்க?"

நெற்றியிலிருந்து உச்சிவரை விரலால் தடவிப் பார்த்தாள். நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. விரலெல்லாம் ஈரம்.