கோணல் மூடி

“கிளட்சை மிதிச்சுக்கிட்டே ஓட்டுறே, அதான் கருகுது!”

“நான் ஒண்ணும் மிதிக்கல! பக்கத்துல உக்காந்து பாத்தீங்களாக்கும்?”

“சொல்றத முழுசாக் கேளு—”

“முதல்ல என்னைச் சொல்ல விடுங்க—”

காருக்கு முன்னால் நின்று கத்தியது அம்மா. போனுக்குள்ளிருந்து கத்தியது அப்பா. நடுவில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது வாண்டு. பத்து வயது மகளுக்கு அப்பா வைத்த செல்லப் பெயர் அது.

அப்பா சரக்குக் கப்பலில் இன்ஜின் மெக்கானிக். கப்பல் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் பத்து நாளாக நின்றிருந்தது. அம்மா வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற நர்ஸ். இந்தப் பழைய கார் அதற்குத்தான்.

“மூணு மாடி உசர இன்ஜினை மேய்க்கிற ஆளு! வீட்டு வண்டியில என்ன நாத்தம்னு தெரியல!”

“போனுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியுமா? வாண்டு, நீ சொல்லுடா. எப்படி இருக்கு?”

வாண்டு மூக்கை உறிஞ்சினாள். “அடுப்புல எண்ணெய் சிந்தினா வருமே, அப்படிப்பா.”

“கெட்டிக்காரி! அப்போ கிளட்ச் இல்ல. கிளட்ச்னா காகிதம் கருகுற மாதிரி இருக்கும்.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள் அம்மா.

“கேட்டுக்கிட்டேன், தாயே! ஆயில் எங்கேயோ கசிஞ்சு, சூடான குழாய்ல விழுது. இன்ஜின் ஆறிடுச்சா? அப்போ மேலேயிருந்து மெதுவாக் காட்டு, வாண்டு.”

வாண்டு போனை மெல்ல நகர்த்தினாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

ஆயில் ஊற்றுகிற வாயின் கறுப்பு மூடி. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் சொல்லச் சொல்ல அம்மா ஆயில் ஊற்றினாள். “மூடிட்டியா?” என்று அப்பா கேட்க, “மூடிட்டேன்” என்றாள். மூடத்தான் செய்திருந்தாள், ஆனால் கோணலாக. மூடியைச் சுற்றிலும் ஈரமாக மினுமினுத்தது.

வாண்டு சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அம்மா ஒரு திருகு திருகுவாள். அப்பா சிரிப்பார். போன் அணைந்துவிடும்.

பிறகு அடுத்த ஞாயிறுதான். அதுவும் மூன்றே நிமிடம். “சாப்பிட்டியா? படிச்சியா? சரி, அம்மாகிட்ட குடு.”

வாண்டு போனை மறுபக்கம் திருப்பினாள்.

“ஒண்ணும் தெரியலையே,” என்றார் அப்பா. “கண்டுபிடிக்கிற வரைக்கும் வண்டியை எடுக்க வேணாம். நாளைக்கும் ஆறு மணிக்குக் கூப்பிடுறேன். ஒரு பக்கம் விடாமத் தேடிடுவோம்.”

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். தினமும் முழுசாக அரை மணி நேரம். “இது ரேடியேட்டர். தண்ணி ஒழுகினா இனிப்பா ஒரு வாசனை வரும்டா. இது பெல்ட். தேய்ஞ்சா ரப்பர் கருகும்.” பேச்செல்லாம் வண்டியைப் பற்றித்தான். ஆனாலும் பள்ளி விட்டு வந்து, கழுத்துக் கயிற்றிலிருந்த சாவியால் பூட்டைத் திறந்து, யாருமில்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது போதும். சுவர்க் கடிகாரத்தோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது?

ஒருமுறை அப்பா பாதியில் நிறுத்தி, “வளந்துட்ட போலிருக்கே! கேமரா உசரமா வருதே” என்றார். அன்று தூங்கும்வரை வாண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் அம்மா மாடியேறி வந்ததும் மருந்துப் பையைத் தரையில் போட்டு, அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றியபோது குதிகால் தோலும் கூடவே வந்தது.

“இன்னைக்கு ஏழு வீடு. எல்லாம் நடை,” என்றாள். “கடைசி வீட்டுப் பெரியவருக்கு ஊசி போட ரெண்டு மணி நேரம் லேட். பாவம், தனியா இருக்கிறவர். மத்தியானத்துல இருந்து ஜன்னலை விட்டு நகரவே இல்லையாம். ‘இன்னைக்கு நீ வரமாட்டேன்னே நினைச்சேம்மா’ன்னு சொல்றார்.”

ஜன்னலில் நிற்பது எப்படி இருக்கும் என்று வாண்டுக்கா தெரியாது?

“அம்மா, கீழே வா. துணி ஒண்ணு எடுத்துக்கோ.”

“இப்போவா? எதுக்குடி?”

“வாயேன்.”

மூடியைக் காட்டினாள். அம்மா அதைக் கழற்றி, நேராக வைத்துத் திருகினாள். ‘க்ளிக்’ என்று உட்கார்ந்தது. வழிந்திருந்ததைத் துடைத்தாள். அளவுக் குச்சியை உருவிப் பார்த்து, குறைந்ததை ஊற்றினாள். இருவரும் காரில் தெருவை ஒரு சுற்று வந்தபோது கொஞ்சம் நாறியது. மூன்றாவது சுற்றில் ஒன்றுமே இல்லை.

“எப்போ பாத்தே இதை?”

“முதல் நாளே.”

“முதல் நாளேவா! மூணு நாளா என்னை நடக்க விட்டியா? ஏன்டி சொல்லல?”

வாண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அம்மா இன்னொரு கேள்விக்கு வாயெடுத்தாள். அதற்குள் போன் அடித்தது. அம்மா மணியைப் பார்த்தாள். ஆறு. மகளைப் பார்த்தாள். கேட்க வந்ததைக் கேட்காமல் போனை அவள் கையில் வைத்தாள்.

“வாண்டு! இன்னைக்கு அடிப்பக்கம் பாப்போமா?”

“சரியாயிடுச்சுப்பா. ஆயில் மூடிதான். எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் காட்டல.”

“மூடியா! ஹா! அப்போ வேலை முடிஞ்சுது. சரிடா, அம்மாகிட்ட—”

“அப்பா, வைக்காதீங்க. நாளைக்கும் ஆறு மணிக்குக் கூப்பிடுவீங்களா? வண்டியில ஒண்ணுமே இல்லைன்னாலும்?”